எருதுக்கும் ஒரு படம் வேண்டும்

திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் சுவரைப் பாருங்கள். சாமி படம் இருக்கும். தாத்தா படம் இருக்கும். அந்தத் தாத்தாவோடு வருஷக்கணக்கில் உழைத்த எருதின் படம் இருக்கிறதா? பெரும்பாலும் இராது.

இங்கிலாந்தில் ஜான் ஹெர்ரிங் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1795-ல் பிறந்தவர். அவர் குதிரை வண்டி ஓட்டினார். தூரிகையும் பிடித்தார். பந்தயக் குதிரைகளை வரைந்து பேர் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. பண்ணையில் பாடுபடும் குதிரைகளையும் வரைந்தார். பின்னாளில் டிராக்டர் வந்தது. குதிரை வயலை விட்டுப் போயிற்று. படங்கள் மட்டும் நிலைத்தன.

நம் காங்கயம் எருது எதில் குறைந்தது? பழையகோட்டைப் பட்டக்காரர் பேணி வளர்த்த இனம் அது. கொறங்காட்டுப் புல்லைத் தின்று வளர்ந்தது. ஏர் உழுதது. பருத்திப் பொதி ஏற்றிய வண்டியை இழுத்தது. சரிவில் இறங்கியும் ஏறியும் கவலை இறைத்தது. ஆழக் கிணற்றுத் தண்ணீர் அதனால்தான் மேலே வந்தது.

1930-களில் பைகாரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. பம்புசெட்டும் லாரியும் பெருகப் பெருக, எருதுக்கு வேலை குறைந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. மாட்டுக்கும் மனிதனுக்கும் பாடு குறைந்தது நல்லதுதானே?

2017-ல் ஜல்லிக்கட்டுக்காகப் போராட்டம் நடந்தபோது, காங்கயம் காளையின் பெருமையை ஊரே பேசியது. மகிழ்ச்சிதான். ஆனால் நாம் விரும்பிப் பார்க்கும் படமெல்லாம் திமில் நிமிர்ந்து நிற்கும் காளையின் படம். நுகத்தடி அழுத்திக் காய்த்த கழுத்தை யார் வரைகிறார்கள்?

"படம் சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். போடாது. ஆனால் கவலை ஓட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. சால், வடம், வால் கயிறு என்ற சொற்கள் அவர்களோடு போய்விட்டால், நாம் குடித்த தண்ணீரின் கதையும் போய்விடும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! விடுமுறை நாளில் பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து எருதை வரையட்டும். பேரன் கயிற்றைத் தப்பாகப் போட்டால் தாத்தா திருத்துவார்.

திருத்த அவர் இருக்கும்போதே வரைந்துவிட வேண்டும்.