கன்றுகளின் கணக்கும் காப்போரின் உரிமையும்

வன மகோத்சவம் என்னும் மரம் நடு விழாவை, மத்திய உணவு விவசாய மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி 1950-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தார். அன்று முதல், நட்ட கன்றுகளின் தொகையை அறிக்கைகள் இலட்சக் கணக்கில் கூறி வருகின்றன. அவற்றுள் மூன்றாவது கோடையைக் கடந்தவை எத்தனை என்ற கணக்கோ எளிதில் கிடைப்பதில்லை. வறண்ட பிரதேசங்களைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கணக்கே முக்கியமானது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தை அறிந்தவர்கள் இதனை ஒப்புக்கொள்வார்கள்.

1911-இல் அமைந்த சித்தூர் ஜில்லா, 1953-இல் ஆந்திர ராஜ்யம் தோன்றும் வரை சென்னையுடன் இணைந்திருந்தது. 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. இவ்வட்டாரத்தின் கிழக்குப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை ஓரளவு கை கொடுக்கிறது. மேற்கே, 2022 வரை சித்தூரைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளி, தம்பள்ளப்பள்ளிப் பக்கங்களில் மழை குறைவு. சரளை கலந்த செம்மண்ணும், கருங்கற் குன்றுகளும், அடிவாரத்தில் ஏரியும், ஏரிக்குக் கீழே வயலுமாக அமைந்த நாடு அது. குன்றின் மரங்கள் விறகாகிப் போனபின் மழைநீர் தங்காமல் ஓடுகிறது. ஓடும் நீர் மேல்மண்ணைச் சுமந்து சென்று ஏரியைத் தூர்க்கிறது. ஆகவே குன்றின் கதி வயலுக்குடையவனையும் பாதிக்கிறது.

மொட்டைக் குன்று எனப்படுவது பெரும்பாலும் உயிரற்ற குன்று அன்று. வெட்டுண்ட உசில், வெட்பாலை, விராலி, களா ஆகியவற்றின் வேர்க்கட்டைகள் பாறை இடுக்குகளில் உயிரோடிருக்கின்றன. ஆண்டுதோறும் அவை துளிர்க்கின்றன; துளிரை ஆடு கடிக்கிறது, ஆடு விட்டதைக் கத்தி கொண்டு போகிறது. பைக்கன்றின் வேர் ஒரு சாண் நீளமே இருக்கும். பழைய கட்டையின் வேரோ, கோடையிலும் ஈரமுள்ள ஆழத்தை முன்பே எட்டியது. சில ஆண்டுகள் தொடாமல் விட்டால் முதலில் புல்லும், பின்னர்ப் புதரும், அதன்பின் மரமும் தாமே எழும்பும். சரிவின் குறுக்கே சம உயரத்தில் பள்ளம் வெட்டி நீரைத் தேக்கினால் வளர்ச்சி விரைவுபடும். வேர்க்கட்டையும் இல்லாத இடங்களுக்கே கன்று வேண்டும். அங்கும் இனத்தைத் தேர்வதில் நிதானம் தேவை. திருமலையில் முன்னர் ஆஸ்திரேலிய வேல மரங்களை ஏராளமாக வளர்த்தார்கள்; இப்போது அவற்றை அகற்றி நாட்டு மரங்களைக் கொணரத் தேவஸ்தானம் முற்பட்டுள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிக்கே பெரும்பாலும் உரிய செம்மரம் சேஷாசலக் குன்றுகளில் இயல்பாக வளர்வது என்பதை இங்கு நினைவு கூரலாம்.

தொடாமல் விடுவது என்று எழுதுவது எளிது. தொடாதிருக்க வேண்டியவர் யார்? நிலமற்று நான்கைந்து ஆடுகளால் பிழைப்பவரும், விறகுச் சுமை விற்று அரிசி வாங்கும் பெண்களுமே அல்லவா? மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவாலிப் பள்ளி, தன் வறண்ட பள்ளத்தாக்கைப் பசுமையாக்கியது போற்றத்தக்கது. ஆயினும் அங்கு ஒரே நிர்வாகம் நினைத்தால் போதும். கிராமப் பொது நிலத்தில் நூறு வீட்டார் இசைய வேண்டும்.

அவ்வாறு இசைவிக்கும் முயற்சி 1986-இல் தொடங்கியது. பால் கூட்டுறவுகளை வளர்த்த தேசியப் பால்பண்ணை அபிவிருத்தி வாரியம், அதே முறையில் மரம் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்களைச் சில ராஜ்யங்களில் அமைக்க முற்பட்டது. ஆந்திரமும் அவற்றுள் ஒன்று. 1988-இல் அவற்றுக்கென ஒரு சம்மேளனம் ஏற்பட்டது. அப்பணியின் தொடர்ச்சியாக 2001-இல் தோன்றிய சூழலியல் பாதுகாப்பு நிறுவனம் சித்தூரின் மேற்குப் பகுதிக் கிராமங்களிலும் பணியாற்றி வந்துள்ளது. விறகுத் தோப்பு வளர்ப்பதில் தொடங்கிய நோக்கம், நாளடைவில் பொது நிலம் முழுவதையும் பேணுவதாக விரிந்தது.

இம்முறையில் குன்றை முற்றிலும் மூடுவதில்லை. ஒரு பகுதியை மூடி மறு பகுதியை மேய்ச்சலுக்கு விடலாம். மூடிய பகுதியிலிருந்து அரிவாளால் அறுத்த புல்லை வீட்டுக்கு இத்தனை கட்டு என்று பங்கிடலாம். சீத்தாப்பழமும் உதிர்ந்த சுள்ளியும் ஏழைகளுக்கு முதலில் என்று விதிக்கலாம். இவ்விதிகளைக் கிராமத்தாரே வகுத்தால் மீறுவோர் குறைவர். மேலிருந்து வரும் விதிக்குக் காவலாள் வேண்டியிருக்கும்.

ஆனால் விதி வகுத்தவர்க்கு நிலத்தின்மேல் என்ன உரிமை? காடுகளைப் பொறுத்தமட்டில், 1990-இல் மத்திய சர்க்கார் விடுத்த சுற்றறிக்கையையொட்டி ஆந்திரத்தில் வன சம்ரக்ஷண சமிதிகள் எழுந்தன. திட்டப் பணம் வற்றியதும் பல சமிதிகள் செயலற்றன. பணம் இருந்தவரை கூலி இருந்தது. விளைவின்மேல் உறுதியான பாத்தியதை இல்லை. வருவாய்த் துறையின் தரிசு நிலங்களில் நிலைமை இன்னும் தளர்வானது. பத்தாண்டு காத்து வளர்த்த குன்றைக் கல்லுடைக்கவோ வேறு காரியத்துக்கோ சர்க்கார் பிறருக்குக் கொடுத்துவிடக்கூடும் என்று தெரிந்தால், எந்த ஏழை தன் ஆட்டைத் தடுத்து நிறுத்துவான்? கிராமப் பொது நிலங்களைத் தனியார் ஆக்கிரமிப்பினின்று மீட்க வேண்டுமென்று 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. அதற்கு உயிர் கொடுக்க வேண்டியது கிராமக் கணக்குப் புத்தகம். எந்தக் குன்று எந்த ஊரின் பொது மேய்ச்சலுக்கும் விறகுக்கும் உரியது என்பதைச் சர்வே எண்ணுடன் அதில் பதிந்து, ஊர்ச் சபையின் சம்மதமின்றி மாற்றவியலாதபடி செய்ய வேண்டும். அடுத்த மழைக்கான கன்றுகளை நாற்றங்காலுக்குச் சொல்லுமுன் இப்பதிவு முடிந்திருத்தல் நல்லது.