லேப்டாப்புக்குக் கீழே ஒரு விசிறி தேவையா?

"லேப்டாப் சூடாகுதா? ஒரு கூலிங் பேட் வாங்கிடு!" விடுதியில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும் ஆலோசனை இதுதான். கள்ளக்குறிச்சி மாதிரி ஊரில், சித்திரை வெயிலில், சிமெண்ட் ஷீட் வீட்டுக்குள் உட்கார்ந்து புராஜெக்ட் செய்கிறவருக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள் நண்பர்களே.

கூலிங் பேட் ஏசி அல்ல, வெறும் விசிறி. அறையில் 40 டிகிரி என்றால் அந்த 40 டிகிரி காற்றைத்தான் அது தள்ளும். நமக்கு ஃபேன் காற்று குளுமையாக இருப்பது வியர்வை உலர்வதால். லேப்டாப்புக்கு ஏது வியர்வை? :-) அதற்காகப் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 80, 90 டிகிரியில் தவிக்கும் பிராசஸருக்கு 40 டிகிரி காற்றும் குளிர்ச்சிதான். அந்தக் காற்று உள்ளே போகிறதா என்பதுதான் கேள்வி.

அதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினால் கதை வேறு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். மலை 2000 முதல் 3000 அடி. ஆக வெள்ளிமலையில் இருப்பவருக்கு 4, 5 டிகிரி சும்மாவே கிடைக்கிறது. (மலைக்காற்று சற்றே மெல்லியது, அதனால் கொஞ்சம் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். இருந்தாலும் லாபம்தான்.) காற்றையே குளிராக்கும் இந்த வேலையை எந்தப் பேடும் செய்யாது.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கணினி. அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு வரும். பழுதானால் அடுத்தது வாங்க வழியிருக்காது. அப்படி ஐந்தாறு வருடம் உழைத்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். பிராசஸர் மேல் தடவிய பசையும் காய்ந்திருக்கும். மக்காச்சோளத்தை ரோட்டில் காயவைக்கும் ஊரில் தூசிக்கா பஞ்சம்! இதற்கு அடியில் பேட் வைப்பது மூக்கடைத்தவனுக்கு விசிறி வீசுவது போலத்தான். முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள். அந்தப் பணம்தான் வீணாகாத பணம்.

இன்னொன்று, மெத்தை, தலையணை மேல் வைத்து படம் பார்க்கும் பழக்கம். துணி அடித்துளைகளை அடைத்துவிடும். பின்பக்க மூலைகளுக்குக் கீழே இரண்டு ரப்பர் மூடி வைத்து உயர்த்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

இவ்வளவும் செய்தும் சூடு குறையவில்லையா? அப்போது பேட் வாங்கலாம், தப்பில்லை. கடைக்குப் போகும் முன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்து, எந்தத் துளை காற்றை இழுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஓடும்போது மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். பேடின் விசிறி அதற்கு நேர் கீழே வரவேண்டும், மேல்நோக்கி ஊத வேண்டும். கீழ்நோக்கி இழுக்கும் பேட் என்றால் உள்விசிறியோடு மல்லுக்கட்டும். அடியில் துளையே இல்லாத மாடலுக்கு வாங்குவது தண்டம். நாலைந்து குட்டி விசிறி, நீல விளக்கு எல்லாம் பார்க்கத்தான் அழகு. ஒரு பெரிய விசிறி சத்தமில்லாமல் அதே காற்றைத் தரும்.

மின்சாரக் கணக்கும் இருக்கிறது. யூஎஸ்பியில் 5 வோல்ட், அரை ஆம்பியர் என்றால் இரண்டரை வாட். 40 வாட்-மணி பேட்டரியில் 15 வாட் இழுக்கும் லேப்டாப் 2 மணி 40 நிமிடம் ஓடும். பேடையும் செருகினால் இருபது நிமிடத்துக்கு மேல் போய்விடும். மழைக்காற்றில் கரண்ட் போன இரவில், மறுநாள் செமினாரை வைத்துக்கொண்டு, அந்த இருபது நிமிடம் ரொம்பப் பெரிசு. அப்போது பேடைப் பிடுங்கிவிட்டு திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது, அடிப்பக்கம் புடைக்கிறது என்றால் மட்டும் பேடைப் பற்றிய பேச்சே வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிட்டு, நேராக சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள்.