இரண்டாம் இயலில் யார் பேசுகிறார்கள்?

கல்வியியல் ஆய்வேட்டின் இரண்டாம் இயல், பெண்ணுக்குப் பணிவு கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமாகிவிட்டது. ‘தொடர்புடைய ஆய்வுகள்’ என்று அதற்குத் தலைப்பு. இவர் 2009இல் இப்படிக் கண்டறிந்தார், அவர் 2011இல் அப்படிக் கண்டறிந்தார் என்று நாற்பது பக்கம் ஓடும். இந்தியாவில் நடந்தவை ஒரு பகுதி, வெளிநாட்டில் நடந்தவை இன்னொரு பகுதி. கடைசியில் ஒரே வரி: ‘மேற்கண்டவற்றிலிருந்து இந்த ஆய்வின் தேவை புலனாகிறது.’ எப்படிப் புலனாகிறது, யாருக்குப் புலனாகிறது என்று கேட்க ஆளில்லை. எழுதிய பெண்ணின் குரல் அந்த நாற்பது பக்கத்தில் ஒரு இடத்திலும் கேட்காது.

மதுரையில் ஆசிரியப் பயிற்சி மாணவிகளுக்கு ஆய்வுமுறை சொல்லித்தருகிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிறார்கள். விடியலில் சமைத்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, பஸ் பிடித்து வருகிறவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை என்ன? “ரெண்டாவது சாப்டரா? பழைய தீசிஸ் நாலைப் பார்த்துச் சேத்து வைம்மா, போதும்.” சொல்கிறவர் இரக்கத்தோடுதான் சொல்கிறார். அந்த இரக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். ‘உனக்கு யோசிக்க நேரமில்லை, அதனால் யோசிக்காதே’ என்பதுதான் அதன் பொருள்.

யோசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பாடத்திட்டத்திலேயே சான்று இருக்கிறது. கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகளை பி.எட். படித்த எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அந்தப் படிநிலைகளை அவர் ஆண் பிள்ளைகளை மட்டும் ஆராய்ந்து உருவாக்கினார். அதை வைத்து அளந்தபோது பெண்கள் பல நேரம் மூன்றாம் படியில் நின்றுபோனதாகச் சொல்லப்பட்டது. கோல்பெர்க்கோடு பணிபுரிந்த கரோல் கில்லிகன் 1982இல் வெளிவந்த தன் நூலில் அளவுகோலையே கேள்வி கேட்டார். கதை அதோடு முடியவில்லை. லாரன்ஸ் வாக்கர் 1984இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆண் பெண் வேறுபாடு சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை என்று வாதிட்டார். வாக்கர் எழுதியது ஒரு மீளாய்வுக் கட்டுரைதான். கில்லிகன் செய்ததும் தனக்கு முன்னே எழுதப்பட்டதை எதிர்த்து வாசித்ததுதான். இந்தச் சண்டையை அப்படியே எழுதிக் காட்டுவதற்குப் பெயர்தான் முன்னாய்வு மீளாய்வு. நம் ஆய்வேடுகளிலோ மூன்று பேரும் அடுத்தடுத்த பத்திகளில், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பெண் குழந்தைகளின் இடைநிற்றலை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப்பக்கம் பலரும் விரும்பி எடுக்கும் தலைப்பு அது. ‘பெண் மாணவர்களின் கல்வி ஆர்வம்’ என்று முன்னூறு பேரிடம் வினாநிரல் கொடுப்போம். பாலினம், ஊரகம் நகரம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று பிரித்து, குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு, இல்லை என்று முடிப்போம். அந்த முன்னூறு பேரும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள். பள்ளியை விட்டுப் போனவள் அன்றைக்கு அங்கே இல்லை. அப்படிச் செய்த முப்பது ஆய்வுகளைத் தொகுத்தால், அவளை முப்பது முறை விட்டுவிட்டோம் என்று பொருள்.

அவளைப் பற்றி யாருமே எழுதவில்லையா? எழுதியிருக்கிறார்கள். நாம் தேடும் இடத்தில் அது இல்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகளுக்குப் போன பெண் பிள்ளைகளை நமக்குத் தெரியும். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்ற வாக்குறுதி. நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் 2011லும் 2014லும் இதைப் பற்றி விரிவான அறிக்கைகள் வெளியிட்டன. அவை ‘தொழிலாளர்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவை. ‘இடைநிற்றல்’ என்று மட்டும் தேடுகிறவளுக்கு அவை கிடைப்பது அரிது. 2009இன் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. நம் மீளாய்வும் அந்த வயதோடு நின்றால், ஆலை விடுதியில் இருக்கும் பதினாறு வயதுப் பெண் கல்வியியலுக்கு யாருமில்லை என்றாகிறது. எதைத் தொடர்புடையது என்கிறோம், எதைத் தொடர்பற்றது என்கிறோம் என்பது அரசியல். அந்த முடிவை டி.டி.பி. கடைக்காரரிடமும் பழைய ஆய்வேட்டிடமும் ஒப்படைக்க முடியாது.

இன்னொரு சான்று. மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தால் பள்ளிச் சேர்க்கை கூடுமா என்று எழுதுகிறவர்கள், பீகார் திட்டத்தைப் பற்றிக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். நல்ல கட்டுரை, காட்ட வேண்டியதுதான். ஆனால் மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து அந்த இயக்கத்தைப் பற்றி 1996இல் ஒரு நூலே எழுதினார்கள். பீகார் தெரிந்த நமக்குப் புதுக்கோட்டை ஏன் தெரியவில்லை? அங்கே சைக்கிளைப் பள்ளி வருகையோடு நிறுத்திப் பார்க்கவில்லை, பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால், சைக்கிள் எதற்கு என்ற கேள்வியே மாறும்.

பெயர் விஷயத்துக்கும் வருகிறேன். மேற்கோள் காட்டும் அமெரிக்க விதிப்படி குடும்பப் பெயர் முன்னே, சொந்தப் பெயர் முதலெழுத்தாகப் பின்னே. நமக்கேது குடும்பப் பெயர்? செல்வி என்பவர் தன் கட்டுரையில் செல்வி முருகேசன் என்று போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எழுதுகிறவர் ‘முருகேசன் (2011) கண்டறிந்தார்’ என்பார். வெயிலில் பள்ளி பள்ளியாக அலைந்தவள் செல்வி. கண்டறிந்தவர் அவள் அப்பா, இல்லாவிட்டால் புருஷன். கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்றால் அவள் உழைப்பு இரண்டு ஆளுடையதாகப் பிரிந்துபோகும்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். “வேலைக்குப் போகிற பொம்பளைக்கு இதெல்லாம் ஆகுமா? ஆங்கிலம் தடுக்குதே? திருட்டு எழுத்தைப் பிடிக்கத்தான் மென்பொருள் வந்தாச்சே?” கடைசிக் கேள்விக்கு முதல் பதில். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி பத்து விழுக்காடு வரை ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கிறது. வார்த்தையை மாற்றிப் போட்டால் மென்பொருள் ஏமாறும். சிந்தனை இல்லை என்பதை அது கண்டுபிடிக்காது. நேரமும் ஆங்கிலமும் உண்மையான தடைகள். அதற்கு மருந்து கற்றுக்கொடுப்பதுதான். ஆனால் கற்கும் இடமே சுருங்கியிருக்கிறது. பெண்கள் அதிகம் சேர்ந்த எம்.ஃபில். படிப்பை 2022 விதி நிறுத்திவிட்டது. எழுதிப் பழக இருந்த அந்த ஒரு வருஷமும் போனபின், முனைவர் பட்டத்துக்கு வருகிறவளிடம் ‘சேத்து வை’ என்பது இன்னும் பெரிய துரோகம்.

என் மாணவிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஐம்பது ஆய்வின் சுருக்கம் வேண்டாம், பன்னிரண்டை முழுதாகப் படி. முடிவைப் படிக்குமுன் மாதிரியைப் படி: யாரிடம் கேட்டார்கள், எந்த ஊரில், யார் விடுபட்டார்கள்? ஆண்டு வரிசையில் அடுக்காதே, கேள்வி வாரியாக அடுக்கு. மோதுகிற இரண்டு ஆய்வைப் பக்கத்தில் வைத்து, எது சரி என்று உன் வாயால் சொல். தமிழில் எழுதப்பட்டதையும் தொழிலாளர் அறிக்கையையும் உள்ளே கொண்டுவா. ஷோத்கங்காவில் மதுரை ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நமக்கு முன்னே நடந்த பெண்களின் உழைப்பு அது, நகலெடுக்காதே, அதனோடு வாதாடு.

வாய்மொழித் தேர்வில் “இதைச் சொல்ல நீ யார்?” என்று கேட்பார்கள். இரண்டாம் இயலை நீயே எழுதியிருந்தால், அதற்குப் பதில் உன்னிடம் நாற்பது பக்கம் இருக்கும்.