நம் நோய் முதலாளியின் சொத்தா?



கால் புண்ணுக்காகத் தனியார் ஸ்பெசலிஸ்ட் கிளினிக்கிற்குப் போகிறீர்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கவுண்டர் பெண் உரக்கக் கேட்கிறார்: "அங்கிள், சுகர் புண்ணா? எத்தனை வருசமா?" அடுத்து ஒரு பாரம் வருகிறது, முழுக்க ஆங்கிலத்தில். "இங்க சைன் பண்ணுங்க." பண்ணிவிடுகிறீர்கள். எதற்குச் சம்மதித்தீர்கள்? உங்களுக்கும் தெரியாது, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை.

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயம். இந்தப் பயம் தோட்டத்திலிருந்து நம்மோடு வந்தது. அங்கே டிரெசருக்குச் சம்பளம் கொடுத்ததே நிர்வாகம்தான். யார் படுத்தார், என்ன நோய் என்பதெல்லாம் துரையின் மேசைக்குப் போய்ச் சேரும். தோட்டம் துண்டாடப்பட்டு நாம் தாமானுக்கும் பிளாட்டுக்கும் வந்துவிட்டோம். பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்று பேனல் கிளினிக்கிற்குக் கம்பெனி பணம் கட்டுகிறது. அதற்காக மேனேஜர் போன் போட்டு, "இந்த ஆளுக்கு என்ன வியாதி? இன்னும் வேலைக்கு ஆவானா?" என்று கேட்கலாமா? கிளினிக்கும் பதில் சொல்லலாமா?

கூடாது! உங்கள் சம்மதமில்லாமல் கூடாது. எம்.சி. என்பது நீங்கள் வேலை செய்யும் நிலையில் இல்லை என்பதற்கான சான்று. 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிப்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி உங்கள் கடமை. அதைச் செய்யுங்கள். நோயின் கதையை அவரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி விவரம் கேட்டால் அது வேறு. அங்கேயும் உங்கள் கையெழுத்து வேண்டும், எதற்கு என்று படித்த பிறகு.

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உடல்நிலையும் மனநிலையும் அதில் உணர்வுமிக்க தகவல். தனியார் கிளினிக் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலை எழுத்து மூலம் கேட்டால் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தகவலை எதற்கு எடுக்கிறோம் என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதனால் அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் நீட்டும் கிளினிக் சட்டத்தை மீறுகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் பாட்டிக்கு? அவரைச் சட்டம் எழுதியவர்கள் நினைக்கவே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஏழைத் தமிழன் போவது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. அங்கே டாக்டரின் தொழில் ஒழுக்க விதி காக்கிறது. இந்தச் சட்டம் காக்காது. இது என்ன நியாயம்?

மொழி இல்லாததால் நடக்கும் கொடுமையைச் சொல்லி மாளாது. அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கோளாறு. டாக்டர் மலாயில் பேசுகிறார், மொழிபெயர்ப்பவன் பள்ளிக்கூடம் போகும் மகன். அவன் முன்னால் அந்தத் தாய் எதைச் சொல்வார்? பாதியை விழுங்கிவிடுவார், வைத்தியமும் பாதிதான் நடக்கும். தமிழ் தெரிந்த நர்ஸ் வேண்டும் என்று கேளுங்கள். பரிசோதனையின்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். இது சலுகை இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன் எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கும் வெட்கப்படாதீர்கள்.

நம் பக்கமும் கோளாறு உண்டு. நாட்டு மருந்து சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்கிறோம். அப்பாயின்மென்ட் எடுத்துவிட்டுப் போகாமல் இருக்கிறோம். வார்டில் படுத்திருப்பவரைப் படமெடுத்து வாட்சாப்பில் போட்டு, "பிரார்த்தனை செய்யுங்கள்" என்கிறோம். அவரைக் கேட்டோமா? பக்கத்துக் கட்டில்காரரும் படத்தில் விழுகிறாரே!

உங்கள் இரகசியம் வெளியே போனால் அழுதுகொண்டு இருக்காதீர்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். முதலில் கிளினிக்கிடமே புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால், கிளினிக் மீது சுகாதார அமைச்சின் சி.கே.ஏ.பி.எஸ். பிரிவுக்கு எழுதலாம். டாக்டர் மீது மலேசிய மருத்துவ மன்றத்திற்கும், தகவல் கசிந்ததற்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும் எழுதலாம். மலாயில் எழுத வரவில்லையா? உங்கள் வட்டார செயல்வீரரிடம் கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறோம். ஒரு நகலை மட்டும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.