பெயர்ப் பட்டியல் போடும் அரசியல்

1960இல் பம்பாயில் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ் கார்ட்டூனுக்குப் பேர்போனது. ஆனால் ஊரைப் பேச வைத்தவை அதில் வந்த பட்டியல்கள். எந்தக் கம்பெனியில் எந்தெந்தத் தென்னிந்தியர் அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறார் என்று பெயர் பெயராக அச்சிட்டார்கள். டெலிபோன் டைரக்டரியிலிருந்துகூடப் பெயர் பொறுக்கினார்கள். 'படித்துவிட்டுச் சும்மா இருங்கள்' என்ற பொருளில் இருந்த தலைப்பு, பிறகு 'படித்துவிட்டு எழுந்திருங்கள்' என்று மாறியது. 1966இல் சிவசேனா பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் அடி வாங்கின. மாட்டுங்கா ஐயரும் தாராவியின் திருநெல்வேலிக்காரரும் ஒரே ஏச்சில் 'லுங்கிவாலா' ஆனார்கள்.

2022 ஜனவரி முதல் தேதி இன்னொரு பட்டியல் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, 'ஏலத்துக்கு' என்று ஒரு செயலியில் போட்டிருந்தார்கள். பத்திரிகையாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். முந்தைய ஜூலையில் இதேபோல் ஒன்று வந்தபோது மாதக்கணக்கில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. இந்த முறை மும்பை சைபர் போலீஸ் சில நாட்களிலேயே பெங்களூருவில் 21 வயது பொறியியல் மாணவரையும், உத்தராகண்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டியிருந்த ஓர் இளம்பெண்ணையும் பிடித்தது. இந்த வயதுக்குள் இவ்வளவு வெறுப்பை ஊட்டியது யார்? அதைக் குற்றப்பத்திரிகையில் தேடினால் கிடைக்காது.

இஸ்லாத்தை விமர்சிக்கவே கூடாதா என்று உடனே ஒரு கேள்வி வரும். தாராளமாக விமர்சிக்கலாம். கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், கடவுள் மறுப்புப் பதிவுகளுக்காகவே 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். பிள்ளையார் சிலையை உடைத்த பெரியாரைப் பேச விட்ட மண்ணில் ஃபாரூக்குக்கும் அதே உரிமை இருந்திருக்க வேண்டும். அவர் கேள்வி கேட்டது மதத்தை. முஸ்லிமுக்கு வீடு கொடுக்காதே, அவன் கடையில் வாங்காதே என்று அவர் எழுதவில்லை.

இந்த வேறுபாட்டை நீதிமன்றமும் அறிந்தே இருக்கிறது. மும்பை வழக்கறிஞர் ஆர்.வி. பாசின் இஸ்லாத்துக்கு எதிராக எழுதிய புத்தகத்தை 2007இல் மாநில அரசு தடை செய்தது. 2010 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. எந்த மதமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதல்ல என்று சொல்லிவிட்டு, இந்தப் புத்தகம் ஒரு சமூகத்தின் மீதே வெறுப்பைத் தூண்டுகிறது என்றது தீர்ப்பு. எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பார்கள்? தடைதான் அதற்கு விளம்பரமே.

லட்சக்கணக்கானோர் படித்த சிவசேனா நாளிதழ் 'சாம்னா'வின் கதை வேறு. 1992 டிசம்பர், 1993 ஜனவரி பம்பாய்க் கலவரங்களில் சுமார் 900 பேர் இறந்தார்கள். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்பது ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கு. பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்றே தாராவியில் சிவசேனாக்காரர்கள் நடத்திய சைக்கிள் ஊர்வலத்தையும் கமிஷன் பதிவு செய்திருக்கிறது. அந்நாட்களின் 'சாம்னா' தலையங்கங்களுக்காக வழக்குத் தொடர அரசுக்கு உத்தரவிடும்படி முன்னாள் தலைமைச் செயலாளர் ஜே.பி. டிசோசா கேட்டார். 1994இல் உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அதே தலையங்கங்களுக்காக 2000 ஜூலையில் தாக்கரே கைதானபோது, காலக்கெடு கடந்துவிட்டது என்று மாஜிஸ்திரேட் அன்றே விடுவித்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான்.

2020 ஏப்ரலில் தாராவியில் முதல் கொரோனா தொற்று தெரியவந்தபோது, தில்லியில் நடந்த தப்லீக் ஜமாத் மதக் கூட்டத்தைச் சாக்கிட்டு முஸ்லிம்களே வேண்டுமென்று நோயைப் பரப்புகிறார்கள் என்ற கதை செல்போன் செல்போனாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும், ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்தது என்றும் சொன்னது. கதை பரவிய வேகத்தில் தீர்ப்பு பரவவில்லை. மாட்டுங்கா, செம்பூர் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கதையைத் தட்டிவிட்டவர்களில் எத்தனை பேர் தீர்ப்பையும் அனுப்பினார்கள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மும்பைத் தமிழருக்கு வந்தே போயிருக்கிறது. அதோடு, தாராவியின் தோல் தொழிலை வளர்த்தவர்களில் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பழியில் நம் ஆட்களும் அடக்கம்.

தாராவி தன் அளவில் பதில் சொல்லிப் பார்த்தது. கலவரத்துக்குப் பின் பாவு கோர்டேயும் வக்கார் கானும் மொஹல்லா கமிட்டி என்ற வட்டார அமைதிக் குழு வேலையில் இறங்கினார்கள். நான்கு மத வேடத்தில் நான்கு சிறுவர்களை நிறுத்திப் படம் எடுத்துச் சுவரொட்டி போட்டார்கள். அதை 2003இல் 'நாதா' என்ற ஆவணப்படத்தில் பதிவு செய்தவர்கள், செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் அப்போது ஆசிரியர்களாக இருந்த அஞ்சலி மோந்தேரோவும் கே.பி. ஜெயசங்கரும்.

சுவரொட்டியால் ஆவது அவ்வளவுதான். மிச்சம் அரசின் கையில். வெறுப்புப் பேச்சு பற்றிப் புகார் வராவிட்டாலும் போலீஸே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. ஆனால் அந்த வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் அனுமதி வேண்டும். டிசோசா அலைந்தது அந்த அனுமதிக்குத்தான். கோப்பு ஆளுங்கட்சியின் மேசையில் கிடக்கும்வரை, கையெழுத்து யாருக்கு விழும் என்பது எழுதியவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்ததே. அந்த அனுமதி அதிகாரத்தை அமைச்சர்களிடமிருந்து எடுத்து, கால வரம்போடு ஒரு சுதந்திரமான அமைப்பிடம் கொடுக்கச் சட்டத் திருத்தம் வேண்டும்.