திறந்து பார்ப்பதற்கு முன் தீர்ப்பு வேண்டாம்



அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். தந்தை காலமாகிவிட்டார். அவர் பல ஆண்டுகள் பேணிய 1969ஆம் ஆண்டு செவ்ரோலெட் கமாரோ கார் இப்போது மகனுடைய பொறுப்பில் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் என்ஜின் விழித்துக்கொள்கிறது. ஆனால் புகைக்குழாயிலிருந்து நீலப்புகை எழுகிறது, மேடேறும்போது வலு குறைகிறது. "பழைய என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்து" என்கிறார் ஒரு நண்பர். "அசல் என்ஜினை மாற்றினால் அது உன் தந்தையின் காரே அல்ல, எவ்வளவு செலவானாலும் அதையே புதுப்பி" என்கிறார் இன்னொருவர். இருவரும் மனதாரச் சொல்லுகிறார்கள். ஆனால் இருவருமே அந்த என்ஜினைத் திறந்து பார்க்கவில்லை.

அந்த மகனுடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரோடு பிறந்த என்ஜினின் இரும்பு இடங்கொடுக்குமானால் அதைப் புதுப்பிப்பதே தகும். இடங்கொடாவிட்டால் வருத்தமின்றி மாற்றலாம்; ஆனால் மாற்றியதை மறைக்கக் கூடாது. இவ்விரண்டில் எது என்று முடிவு செய்யவேண்டியது நம் ஆசையும் அல்ல, நம் அவசரமும் அல்ல, அளவுகோலே.

இந்த வகைக் கார்களின் கதை பெரும்பாலும் என்ஜினின் கதைதான். 1964இல் பொன்டியாக் நிறுவனம் தன் நடுத்தரக் காருக்குள் 389 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள வி-8 என்ஜினை வைத்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது. மசில் கார் யுகம் அதிலிருந்தே தொடங்கியதாகப் பலரும் கணக்கிடுகிறார்கள். சாதாரண உடலுக்குள் அசாதாரண இதயம் என்பதே அவற்றின் அடையாளம். ஆகையால் அந்த இதயத்தை எடுத்துவிடலாமா என்ற கேள்வி வெறும் பழுதுபார்ப்புக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

எனினும், முதலில் நோயை அறியவேண்டும். நீலப்புகை கண்டவுடனே என்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதிருங்கள். ஐம்பது ஆண்டுகளில் வால்வு சீல்களின் ரப்பர் இறுகி, அதன் வழியாக ஆயில் கசிந்து எரிந்தாலும் அதே புகைதான் வரும். அதைச் சரிசெய்ய என்ஜினை இறக்கவேண்டிய தேவைகூட இல்லை. கம்ப்ரஷன் சோதனை எந்த சிலிண்டர் பலவீனமானது என்று காட்டும். அதற்கு அடுத்ததாக, அந்த சிலிண்டருக்குள் காற்றை அழுத்தத்தோடு செலுத்திச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். கார்புரேட்டரில் சீறல் கேட்டால் உள்வாங்கும் வால்வில் குறை. புகைக்குழாயில் கேட்டால் வெளியேற்றும் வால்வில் குறை. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கின்றன. ரேடியேட்டரில் குமிழி எழும்பினால் ஹெட் கேஸ்கட்டிலோ இரும்பிலோ பிளவு இருக்கலாம். ஒரு பிற்பகல் நேரம் இதற்குப் போதும். அந்தப் பிற்பகலைச் செலவிடப் பொறுமையில்லாமல் பல ஆயிரம் டாலரைச் செலவிடுகிறவர்கள் உண்டு.

நோய் உண்மையிலேயே ஆழமானது என்று தெரிந்து என்ஜினை இறக்கிப் பிரித்தால், பிளாக் எனப்படும் வார்ப்பிரும்புக் கட்டையே தீர்ப்புச் சொல்லும். கமாரோவில் வந்த 350 கன அங்குல என்ஜினின் சிலிண்டர் விட்டம் சரியாக நான்கு அங்குலம். தேய்ந்த சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்கி ரீபோர் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கமான வேலை. முன்பே ஒருமுறை ரீபோர் ஆகியிருந்தால் 0.060 வரை போகலாமா என்ற கேள்வி எழும். அப்போது ஒலி அலையால் சுவரின் கனத்தை அளக்காமல் கைவைக்கக் கூடாது. காந்தத்தூள் சோதனையில் விரிசல் தெரிகிறதா என்றும் பார்க்கவேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் ஸ்லீவ் போட்டுக் காப்பாற்றலாம். பல இடங்களில் விரிசலும், சுவரெங்கும் மெலிவும் இருந்தால், அந்தக் கட்டை தன் ஓட்டத்தை முடித்துவிட்டது என்று ஏற்றுக்கொள்வதே ஞானம்.

புதுப்பிப்பதென்று முடிவெடுத்தால் இரண்டு காரியங்களில் கவனமாயிருங்கள். முதலாவது, அக்காலத்து என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்கச் சாலைகளில் அது 1996இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஆகையால் ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே, கடினப்படுத்தப்பட்ட வால்வு சீட்டுகளைப் போட்டுவிடுவது நல்லது. இரண்டாவது, பலர் அறியாமல் இழந்துவிடுவது. இந்த என்ஜினின் முன்புறத்தில், வலது ஹெட்டுக்குச் சற்று முன்னே, பிளாக்கின் மேற்தளத்தில் எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தத் தொழிற்சாலையில், எந்த நாளில், எவ்வகைக் காருக்காக அது கட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 1968 மாடலிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் என்ஜினில் பொறிக்கப்படலாயிற்று. பட்டறையில் மேற்தளத்தைச் சமன்செய்யும்போது, முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அந்தப் பொறிப்பும் சேர்ந்தே சீவப்பட்டுப்போகும். காப்பாற்றுவதற்காகக் கொண்டுபோனவரே அதன் பெயரை அழித்தவராவார்.

மாற்றுவதை நான் இழிவாக எண்ணவில்லை. பெட்டியில் புத்தம்புதிதாக வரும் எல்.எஸ்.3 என்ஜின் 430 குதிரைத்திறன் தருகிறது. குளிர்காலையிலும் உடனே இயங்குகிறது. காரின் அசல் என்ஜின் எப்போதோ தொலைந்துபோய், இப்போதிருப்பது வேறொரு காரிலிருந்து வந்ததென்றால், அதற்காகப் பெருஞ்செலவு செய்யவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தினந்தோறும் ஓட்ட விரும்புகிறவருக்கும் அது நல்ல தேர்வே. ஆனால் என்ஜினின் விலை மட்டுமே செலவு என்று எண்ணாதிருங்கள். அதற்கு உயர் அழுத்த எரிபொருள் பம்பு, கட்டுப்பாட்டுக் கணினி, வயரிங், புதிய மவுண்டுகள், ஆயில் சம்ப், புகைக்குழாய் எல்லாம் வேண்டும். கூடிய வலுவைத் தாங்கக் கியர்பாக்ஸும் பிரேக்கும் போதுமா என்றும் பார்க்கவேண்டும். கோபுரம் கட்டத் தொடங்குகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும்.

அப்படி மாற்றினால், பழைய பிளாக்கைக் காய்லான் கடைக்கு அனுப்பிவிடாதிருங்கள். ஆயில் பூசி, துணி சுற்றி, கராஜின் மூலையில் வையுங்கள். ஒருநாள் காரைப் பெறப்போகிறவருக்கு அது தேவைப்படலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அசல் என்ஜினோடு இருக்கும் காருக்குச் சந்தையில் விலை மிக அதிகம். அதனால் வேறொரு பிளாக்கின் எண்ணைச் சீவிவிட்டு, காருக்கேற்ற எண்ணைப் புதிதாகப் பொறித்து விற்கிற வழக்கமும் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வாங்குகிறவர் அறியமாட்டார். ஆனால் அது பொய்ச்சாட்சி. என்ஜினை மாற்றியவர் குற்றவாளி அல்லர். மாற்றாததுபோல் காட்டுகிறவரே குற்றவாளி. "இது இந்தக் காரோடு பிறந்ததல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். விலை குறையும், உங்கள் வார்த்தையின் மதிப்புக் குறையாது.

அன்பானவர்களே, நம் கைக்கு வந்த பழைய பொருள்களுக்கு நாம் சில காலத்துக்கு உக்கிராணக்காரர் மட்டுமே. நமக்கு முன் ஒருவர் வைத்திருந்தார். நமக்குப் பின் ஒருவர் வைத்திருப்பார். அந்த மகன் ரீபோர் செய்தாலும் சரி, புதியதைப் பொருத்தினாலும் சரி, திறந்து பார்த்து, அளந்து, கணக்குப் பார்த்து, செய்ததை மறைக்காமல் சொன்னால், தன் தந்தையின் காருக்கு அவன் செய்யவேண்டியதைச் செய்துவிட்டான்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலும் "இது தேறாது" என்று நீங்கள் ஒதுக்கிவைத்த ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். தூக்கியெறியுமுன் ஒரு பிற்பகலை அதற்குக் கொடுங்கள். திறந்து பாருங்கள், பிறகு தீர்மானியுங்கள்.