ஒரு டிக்கெட், ரெண்டு ஸ்டூடண்ட்!

நாற்பத்தோரு வயதில் ஒருவன் காலேஜில் சேர்ந்தால் ஊர் சும்மா இருக்காது. வீட்டில் ஏதோ சண்டை என்பார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். என்னைத் தெரிந்தவர்கள் மட்டும், "ஸ்டூடண்ட் பாஸுக்கு ஆசைப்பட்டுட்டான்யா" என்றார்கள்.

நிஜக் காரணம் பிரமோஷன். நான் வவுச்சர் எழுதக் கற்றுக்கொடுத்த பையன் ஒருவன் 2022-ல் எனக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தான். "லீவ் லெட்டரை இனிமே எங்கிட்டயே குடுத்துடுங்க சார்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அந்த 'சார்'தான் வலித்தது. அவனிடம் டிகிரி இருந்தது. நான் பி.காம். இரண்டாம் வருஷத்தில், அப்பா போனதும் படிப்பை விட்டவன். தொலைதூரக் கல்வியில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன்.

சலுகை எதுவும் உண்டா என்று விசாரிக்காமல் இருப்பேனா? ரயில்வே சீசன் டிக்கெட்டில் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். கவுண்டரில் இருந்தவர் என் தலையை (முக்கியமாக, முடி இல்லாத பகுதியை) ஒருமுறை பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தான்" என்றார். சரி, வருமான வரியிலாவது மிச்சம் பிடிக்கலாம் என்றால், பிள்ளைகளுக்குக் கட்டும் டியூஷன் ஃபீஸுக்குத்தான் 80சி-யில் கழிவாம். அப்பாவே பிள்ளையாகப் போய் உட்கார்ந்தால் கிடையாதாம்.

ஆகவே சிக்கனத்தை வீட்டிலேயே ஆரம்பித்தேன். மகளின் போன வருஷத்து நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, இருநூறு பக்க நோட்டு ஒன்று தயார் செய்தேன். அதில் ஒரே ஒரு குறை. என் ஜர்னல் என்ட்ரிகளுக்கு நடுவே ஒரு பக்கத்தில் மனித இதயத்தின் படம் இருக்கும், பாகங்கள் குறிக்கப்படாமல்!

ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் படிக்க முடியும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் ரேட் எகிறிவிடும் என்கிற பயத்தில் கொஞ்ச நாள் வாசலில் தெருவிளக்கடியில் உட்கார்ந்தேன். சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து முன்னேறியதாகச் சொல்வார்கள். அவரைக் கொசு கடித்ததாக யாரும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து, மருந்துச் செலவு மூன்று மாத டியூப்லைட்டை விழுங்கியது.

அடுத்து வந்ததுதான் என் மாஸ்டர் பிளான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆக்கிவிட்டார்கள் அல்லவா? பாடப் புத்தகம் வாங்கி வர, பரீட்சை ஃபீஸ் கட்ட, அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் ரெட்டி-மூர்த்தி அக்கவுண்டன்ஸி தேட... எல்லாவற்றுக்கும் என் சகதர்மிணியையே அனுப்பினேன். பெரம்பூரிலிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் போய் வந்தால் செலவு பூஜ்யம். நான் போனால் போக வர காசு!

முதல் வருஷ ரிசல்ட் வந்தது. அக்கவுண்டன்ஸியில் 38. பாஸ் மார்க் 40. இத்தனைக்கும் எனக்கு வேலையே அக்கவுண்ட்ஸில்தான்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், அரியர் ஃபாரம் வாங்கப் போனவள் இரண்டு ஃபாரங்களோடு வந்தாள்.

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு தப்பாயிட்டா எழுதவா?"

"இல்லீங்க. அது அப்ளிகேஷன். நானும் பி.காம். சேரலாம்னு..."

எனக்குள் கால்குலேட்டர் ஓட ஆரம்பித்தது. அவளுக்குத் தெரியாதா?

"புஸ்தகம் உங்களோடது இருக்கு. நோட்ஸ் இருக்கு. பஸ் ஃப்ரீ. ஃபீஸ் மட்டும்தான் செலவு. அதுக்கும் நான் சீட்டு கட்டி வெச்சிருக்கேன்."

"அது இல்லம்மா... உன்னால முடியுமா? பேலன்ஸ் ஷீட்டெல்லாம் போடணும்."

"பிளஸ் டூல ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்துப் பதினொண்ணு வாங்கினேன். அக்கவுண்டன்ஸில நூத்தி எண்பத்தேழு. அந்த மாசமே உங்க வீட்லேர்ந்து பொண்ணு பார்க்க வந்துட்டீங்க."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இந்த மார்க்கை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். அதற்கு முன்னால் நான் கேட்டதுமில்லை. கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, அப்ளிகேஷனைக் கொடுக்க நானே காசு கொடுத்து பஸ்ஸில் போனேன்.

அதற்கப்புறம் சமையல் முடிந்த மேடையே வகுப்பறை ஆனது. ஒரு டியூப்லைட்டுக்கு இரண்டு பேர் என்பதால் எனக்கும் மனசு கேட்டது. தேய்மானக் கணக்கை அவள்தான் எனக்குப் புரியவைத்தாள். "நேர்கோட்டு முறைல வருஷா வருஷம் ஒரே தொகை கழிஞ்சு கடைசில ஒண்ணுமில்லாம ஆகலாம். குறைந்து செல் மதிப்பு முறைல எத்தனை வருஷமானாலும் பூஜ்யம் ஆகாதுங்க. கொஞ்சமாவது மதிப்பு மிஞ்சும்."

"நான் எந்த முறை?"

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை ஒழிக்கப் போய்விட்டாள்.

பரீட்சை நாள். என் அரியர் பேப்பரும் அவளுடைய முதல் பேப்பரும் ஒன்றே. ஒரே ஹால். அவள் எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால். மூன்று மணி நேரமும் அந்தப் பின்னல் அசையவே இல்லை. கண்காணிக்க வந்த இளைஞர் என்னைப் பார்த்ததும் பறக்கும் படை என்று நினைத்து எழுந்து நின்றது தனிக்கதை.

வெளியே வந்து பஸ் ஏறினோம். அவளுக்கு இலவச டிக்கெட், எனக்குக் காசு டிக்கெட். லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"பேலன்ஸ் ஷீட் டேலி ஆச்சாங்க?"

"உனக்கு?"

"ஆச்சு."

"எனக்கு இடிச்சுது. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டேன்."

"எவ்வளவு?"

"ஆயிரத்து எண்ணூறு."

கொஸ்டின் பேப்பரைப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்து நீட்டினாள். 'எடுப்பு ரூ.1,800.'

"வீட்டுச் செலவுக்கு எடுத்ததுங்க அது. அதைத்தான் நீங்க கணக்குல சேர்க்கவே இல்ல."